காய்ச்சல் நேரத்துல கொலஸ்ட்ரால் குறைஞ்சா சந்தோஷப்படலாமா?

கொலஸ்ட்ரால்னாலே நமக்கு வில்லன்தான். ரிப்போர்ட்ல எண் கூடினா பயம், குறைஞ்சா நிம்மதி. ஆனா டெங்கு, கோவிட் மாதிரி வைரஸ் காய்ச்சல்ல விஷயம் தலைகீழ். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், டெங்கு பாதித்த இந்தோனேசியக் குழந்தைகளில் நோய் மிகக் கடுமையாக இருந்தவர்களுக்கே கொலஸ்ட்ரால் மிகவும் குறைவாக இருந்தது. 2020-ல் வூஹான் கோவிட் நோயாளிகளிடமும் இதே போக்கு தெரிந்தது.

அப்போ கொலஸ்ட்ரால் குறைஞ்சதாலதான் நோய் முத்துச்சா? அவசரப்படாதீங்க. அம்பு எந்தப் பக்கம் போகுதுன்னு முதல்ல பார்க்கணும்.

என்ன நடக்குது?

கொலஸ்ட்ரால் தண்ணீர்ல கரையாது. அதனால எல்டிஎல், எச்டிஎல் என்ற துகள்களில் ஏறித்தான் ரத்தத்தில் பயணம் செய்யும். தொற்று வந்ததும் நோய் எதிர்ப்பு செல்கள் ஐஎல்-6 போன்ற சைட்டோகைன்களை வெளியிடும். அவை கல்லீரலின் வேலையையே மாற்றிவிடும். எல்டிஎல், எச்டிஎல் இறங்கும். ட்ரைகிளிசரைடு பல நேரம் ஏறும். டெங்குவில் இன்னொன்றும் சேரும்: ரத்தக்குழாய்ச் சுவர் தளர்ந்து பிளாஸ்மா வெளியே கசியும். போதாததுக்கு, காய்ச்சல்ல யாரும் சரியா சாப்பிடறதும் இல்ல.

ஆக, பெரும்பாலும் நோய்தான் எண்ணைக் குறைக்குது. கடுமையான நோய்னா பெரிய சரிவு. உடம்பு தேறினதும் எண் மெல்ல பழைய நிலைக்கு ஏறும். நம்ம பாஷையில சொன்னா, இது ட்ரான்சியன்ட் ரீடிங். ஸ்டெடி ஸ்டேட் இல்ல.

மாத்திரை கொடுத்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். ஸ்டாட்டின் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை. ரத்தக்குழாய் அழற்சியையும் தணிக்கும். அதனால் டெங்குவுக்கு உதவலாம் என்று வியட்நாமில் 300 பெரியவர்களிடம் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு லோவாஸ்டாட்டின், மறு பாதிக்கு வெறும் மாத்திரை. பாதுகாப்பில் பிரச்சினை வரவில்லை. ஆனால் நோயின் போக்கும் மாறவில்லை. அதாவது, நோயோட சேர்ந்து மாறுற எண்ணும் நோய்க்கான காரணமும் வேற வேற. கோரிலேஷன் காசேஷன் ஆகாதுன்னு கிளாஸ்ல படிச்சது இதுதான்.

நமக்கு என்ன?

வீட்டில் அப்பாவோ அம்மாவோ ஸ்டாட்டின் எடுப்பவராக இருக்கலாம். காய்ச்சலோட எடுத்த டெஸ்ட்ல எல்டிஎல் குறைஞ்சு வந்தா, "சரியாயிடுச்சு"ன்னு மாத்திரையை நிறுத்தத் தோணும். நிறுத்தவே கூடாது, டாக்டர்கிட்ட கேட்டே முடிவு எடுக்கணும். எண்ணை ஏத்தணும்னு முட்டையும் நெய்யுமா ஊட்டுறதும் வீண் வேலை. வழக்கமான கொலஸ்ட்ரால் டெஸ்ட்டை காய்ச்சல் விட்டுச் சில வாரம் கழித்து எடுப்பதே நல்லது.

அடுத்த முறை ரிப்போர்ட் கையில வந்தா, எண்ணை மட்டும் பார்க்காதீங்க. ரத்தம் எடுத்த தேதியையும், அன்னைக்கு காய்ச்சல் இருந்துச்சான்னும் பாருங்க.