உள்ளங்கையைப் படி, அம்மணி

ராசிபுரத்துப் பக்கம் பளுதூக்கும் பயிற்சிக்குப் புதிதாகப் போய்வரும் பெண்ணுக்கு,

கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்படிக் காய்ச்சுப் போனா நாளைக்கு யாரு கட்டிக்குவா?" என்று வீட்டில் ஒரு அத்தை நிச்சயம் கேட்டிருப்பார். அதே காய்ப்பை ஜிம்மில் பார்த்த பையன்கள், "இப்பத்தான் லிஃப்டர் ஆகியிருக்கே" என்று தோளில் தட்டியிருப்பார்கள். இரண்டு பேச்சையும் ஓரமாக வைத்துவிடு. கம்பி உன் கையில் எங்கே உட்கார்ந்தது, எங்கே நழுவியது என்பதற்கு அந்தக் காய்ப்புதான் சாட்சி. நல்ல பயிற்சியாளர்கள் சிஷ்யையின் கையை விரிக்கச் சொல்லிப் பார்ப்பது இதற்காகத்தான்.

காய்ப்பு எப்படி உண்டாகிறது? ஒரே இடத்தில் அழுத்தமும் உராய்வும் திரும்பத் திரும்ப விழும்போது, தோலின் அடியடுக்குச் செல்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பெருகுகின்றன. மேலே வந்து சேரும் கெரட்டின் அடுக்குகள் உதிர்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது, தோல் தடிக்கிறது. உடம்பு தானாகப் போட்டுக்கொள்ளும் காப்பு அது. பயிற்சியைச் சில வாரம் நிறுத்தினால் மெல்ல மெலிந்துவிடும். அத்தையிடம் இதைச் சொல்லலாம்.

தட்டையாக, சீராகத் தடித்த தோலால் தொல்லையில்லை. மேடாகத் துருத்திக்கொண்டு நிற்பதுதான் ஆபத்து. கம்பி நகரும்போது அந்த மேட்டின் விளிம்பில் மாட்டும். அடியில் இருக்கும் மெல்லிய தோலோடு சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும்.

மேடு பெரும்பாலும் விரல்கள் உள்ளங்கையோடு சேரும் இடத்தில்தான் எழும். புதிதாக வருகிறவர்கள் கம்பியை உள்ளங்கையின் நடுவில் வைத்து இறுக்கிவிடுவார்கள். பாரம் தரையைவிட்டு எழுந்ததும் கம்பி கீழ்நோக்கி விரல் பக்கம் உருளும். உருளும்போது தோலை இழுத்து மடிக்கும். மடிப்பு கம்பிக்கும் எலும்புக்கும் நடுவே நசுங்கும். இதற்கு மருந்து எதுவும் தேவையில்லை. எடுக்கும்போதே கம்பியை விரல்களின் அடிக்கோட்டில் வைத்துப் பிடி. எங்கே போய் நிற்கப்போகிறதோ அங்கேயே அதை முதலில் வைத்துவிட்டால், மடிக்க அங்கே தோல் மிச்சம் இருக்காது. இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். ஒரு கை மட்டும் கூடுதலாகக் காய்த்திருந்தால், பாரம் அந்தப் பக்கம் சாய்கிறதா என்று போனில் வீடியோ எடுத்துப் பார்த்துவிடு.

அடுத்தது கொக்கிப் பிடி, ஜிம் பாஷையில் ஹூக் கிரிப். கட்டைவிரலை முதலில் கம்பியைச் சுற்றி வளைத்து, அதன்மேல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் போட்டுப் பூட்டுவது. சேலத்தில் 90 கிலோ ஜவ்வரிசி மூட்டையை ஏற்றி இறக்கும் லோடுமேன் கையில் ஓர் இரும்புக் கொக்கி இருக்கும். வழுக்கும் சாக்கை வெறும் விரலால் இறுக்கி அவர் சக்தியை வீணாக்குவதில்லை. உனக்கு அந்தக் கொக்கி உன் கட்டைவிரல்தான். ஒரே வீச்சில் தலைக்குமேல் தூக்கும் ஸ்னாட்ச், முதலில் தோளுக்கு ஏற்றும் கிளீன் இரண்டிலும் கம்பி திடீரென்று வேகமெடுக்கும் கணத்தில் சாதாரணப் பிடி திறந்துகொள்ளும். பூட்டிய பிடி திறக்காது. உலக அரங்கில் தூக்குகிறவர்கள் ஏறக்குறைய எல்லோருமே இப்படித்தான் பிடிக்கிறார்கள். முதல் சில வாரம் கட்டைவிரல் வலிக்கும், நகத்தடியில் கன்றிப்போகக்கூடும். எடை குறைவாக இருக்கும்போதே பழகிக்கொண்டால் வலி அடங்கிவிடும். கட்டைவிரலில் நெகிழும் டேப் ஒரு சுற்று சுற்றிக்கொள்வதில் குற்றமில்லை.

பிடிமேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதற்கு நம்மவர்கள் தூக்கிய எடைகளைப் பார். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்சில் 149 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 கிலோ, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018இல் கோல்ட் கோஸ்டில் 317 கிலோவோடு மறுபடியும் தங்கம். பெண்கள் பளுதூக்குதல் ஒலிம்பிக்கில் நுழைந்ததே 2000 சிட்னியில்தான். அந்த முதல் ஆண்டிலேயே கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் 110, 130, மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் கொண்டுவந்தார். டோக்கியோவில் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் 87, 115 என்று 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். தன் உடல் எடையைப்போல இருமடங்குக்கும் மேலான 115 கிலோவைத் தரையிலிருந்து இழுக்கும்போது, அது தொங்குவது விரல்களில். காலும் இடுப்பும் எவ்வளவு உரமாக இருந்தாலும், விரல் விட்டுக்கொடுத்தால் கம்பி தரையில்தான்.

இனி கம்பியைப் பற்றி. ஆண்களுக்கான போட்டிக் கம்பி 20 கிலோ, 28 மில்லிமீட்டர் தடிமன். பெண்களுக்கானது 15 கிலோ, 25 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதே. சுற்றளவில் அது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். சிறிய கையில் அந்த ஒரு சென்டிமீட்டர்தான் கட்டைவிரல்மேல் நடுவிரல் எட்டுமா எட்டாதா என்பதைத் தீர்மானிக்கும். இங்கிலாந்தின் தாமஸ் இன்ச் என்ற பலசாலியின் டம்பெல் சுமார் 78 கிலோதான், ஆனால் கைப்பிடி ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் தடிமன். அதைவிட எத்தனையோ மடங்கு எடை தூக்கியவர்கள் அதை ஒரு கையால் தரையைவிட்டு எழுப்ப முடியாமல் திணறியிருக்கிறார்கள்.

நம் பக்கத்து ஜிம்களில் பெண்களுக்கென்று தனிக் கம்பி கிடைப்பது அரிது. லேத் பட்டறையில் கடைந்த கம்பியாக இருந்தால் ஒரு வெர்னியர் வாங்கி அளந்து பார். 30 மில்லிமீட்டரைத் தாண்டினால், பிடி நழுவுவது உன் குறையல்ல. பிடிப்புக்காகக் கம்பிமேல் போடும் நர்லிங் மழுங்கியிருந்தால் வழுக்கும், கூர்மையாக இருந்தால் தோலை அராவும். இரண்டு முனையிலும் தட்டு மாட்டும் உருளை தனியாகச் சுழல வேண்டும். துருப்பிடித்து இறுகியிருந்தால், தட்டுகள் சுழலும்போது கம்பியும் சேர்ந்து உன் கைக்குள் திருகும். பல பெண்களின் கை பிய்வது இந்தத் திருகலில்தான். உருளைக்குக் கொஞ்சம் எண்ணெய், நர்லிங்கில் அடைந்த அழுக்குக்கு ஒரு முரட்டு பிரஷ். பயிற்சியாளரிடம் கேட்டு நீயே செய்துவிடலாம்.

சித்திரை வெயிலில் கை வியர்க்கும். உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, வியர்வைச் சுரப்பி ஏராளம். அதற்குத்தான் வெள்ளைத்தூள். ஜிம்மில் சாக் என்று சொல்வது மக்னீசியம் கார்பனேட். உன் ஊரிலிருந்து சேலம் போனால், சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று வெட்டிப்போட்ட கரடுகள் தெரியும். அங்கே எடுக்கும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், வேதியியல்படி இதே மக்னீசியம் கார்பனேட்தான். அதை வெட்டியெடுக்க 1979இல் தொடங்கிய தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனம் இருக்கிறது. சேலம் சந்திப்பை அடுத்து மேக்னசைட் சந்திப்பு என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அந்தக் கல் பெரும்பாலும் உருக்காலை உலைகளின் செங்கல்லாகப் போகிறது. கைக்குப் பூசுவது சுத்திகரித்து மென்மையாகப் பொடித்த வடிவம். அது கிடைக்கவில்லையென்று முகப்பவுடர் பூசாதே, வழுக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பின் பக்கமே போகாதே, புண்ணாக்கிவிடும். நல்ல தூளும் அளவோடுதான். அப்பிக்கொண்டால் தோல் வறண்டு வெடிக்கும்.

பயிற்சி முடிந்ததும் தூளை நன்றாகக் கழுவிவிடு. குளித்துத் தோல் ஊறியிருக்கும்போது, குதிகால் தேய்க்கும் கல்லால் மேட்டை மட்டும் லேசாகத் தேய். மொத்தமாக எடுத்துவிடாதே, மட்டமானால் போதும். இரவில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். பயிற்சிக்கு முன்னால் மட்டும் வேண்டவே வேண்டாம். கடையில் விற்கும் கால் ஆணி பிளாஸ்திரியை ஒட்டாதே, அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும். பிளேடால் சீவுவதும் வேண்டாம்.

பிய்ந்தே போனால் அன்றைக்குத் தூக்குவதை நிறுத்து. சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவி, வாசலின் தடவிச் சுத்தமான துணியால் மூடு. காபித்தூள், மஞ்சள்தூள், பட்டறைக் கிரீஸ் எதுவும் வேண்டாம். டிடி ஊசி எப்போது போட்டது என்று பார்த்துக்கொள். துருப்பிடித்த கம்பியோடு பழகுகிறவள் நீ. சிவந்து, சூடாகி, சீழ் வைத்தால் டாக்டரிடம் போக யோசிக்காதே.

பிடியின் பலம் விரலில் இல்லை, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருக்கிறது. விரலை மடக்கும் பெரிய தசைகள் அங்கேதான் உள்ளன. மணிக்கட்டை உள்ளே மடக்கினால் பிடி உடனே தளரும். இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு சற்றே பின்பக்கம் சாய்ந்திருப்பதுதான் இயல்பு. பயிற்சியின் கடைசியில், இழுத்த கம்பியை நின்றபடியே சில நொடி பிடித்திரு. இரண்டு கையிலும் கனமான டம்பெல்லோடு நடப்பதும் நல்ல பழக்கம். நிறைய இழுக்க வேண்டிய நாளில் மணிக்கட்டைக் கம்பியோடு பிணைக்கும் பட்டை கட்டிக்கொள்ளலாம், ஆனால் எல்லா நாளும் அதிலேயே தொங்காதே. போட்டியில் பட்டைக்கு அனுமதி கிடையாது.

போட்டிக்குக் கையைத் தயார்செய்வதை முந்தின இரவுக்குத் தள்ளிவைக்காதே. இரண்டு மூன்று நாள் முன்பே மேட்டைத் தேய்த்துவிட்டால், புதிதாக வெளியே வந்த தோல் இறுகிவிடும். டேப் சுற்றினால் விரல் நுனியை மறைக்காமல் சுற்று. பெயர் கூப்பிட்டதிலிருந்து உனக்கு ஒரு நிமிடம், உன் முயற்சிக்குப் பின் உடனே மறுபடி நீயே தூக்க வேண்டியிருந்தால் இரண்டு நிமிடம். தூள் பெட்டியருகே நிற்கும் நேரமும் அந்தக் கணக்கில்தான் கழியும். ஆகவே கையைத் துடைப்பது, கட்டைவிரலுக்கும் விரலடிக்கும் தூள் பூசுவது, மேடை ஏறுவது, கொக்கி போடுவது என்ற வரிசையை இப்போதிருந்தே ஒவ்வொரு பயிற்சியிலும் அதே மாதிரி செய்துவா.

அன்புடன்,
சேலத்திலிருந்து ஒரு பழைய பளுதூக்கும் ரசிகர்