வீட்டின் அளவும் கடனின் அளவும்

பர்மா, மலாயா சபர் போனவர்கள் கட்டிய நம் டெல்டா வீடுகளில் முற்றமும் திண்ணையும் இருந்தன. இன்று வளைகுடா சம்பாத்தியத்தில் கண்ணாடி முகப்பும் மாடியும் எழுகின்றன. எது அழகு என்ற பேச்சு நிக்காஹ் பந்தலிலும் ஓய்வதில்லை.

மார்க்கம் இத்தனை சதுர அடி என்று வரையறுக்கவில்லை. விசாலமான வீட்டை மனிதனின் நற்பேறுகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் கூறியது இப்னு ஹிப்பானில் உள்ளது. ஆடு மேய்த்தவர்கள் கட்டடங்களை உயர்த்துவதில் போட்டியிடுவது கியாமத்தின் அடையாளம் என்பது முஸ்லிமில் வரும் ஜிப்ரீல் (அலை) ஹதீஸ். அந்தப் போட்டியைத்தான் அஞ்ச வேண்டும்.

குடியிருக்கும் வீடு எவ்வளவு பெரிதானாலும் அதற்கு ஜகாத் இல்லை. ஆனால் அதைக் கட்ட வட்டிக்கு வாங்கினால்? பக்கத்து வீட்டைப் பார்த்து மாடி எழுப்பி, நகையை அடகு வைத்து, பூச்சு வேலை நின்றபின் எங்களிடம் வருகிறார்கள். கடன்பட்டவருக்கும் ஜகாத்தில் பங்குண்டு (9:60). ஆயினும், ஒழுகும் கீற்று வீட்டில் இருக்கும் விதவையையும் முகப்புக்காகக் கடன்பட்டவரையும் ஒரே வரிசையில் நிறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

கையிருப்புக்குத் தரைத்தளம் போதுமென்றால் அத்துடன் குடியேறுங்கள். மாடிக்கும் சேர்த்து அஸ்திவாரம் போட்டுக்கொள்ளுங்கள். நம் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும்.