கடுகு சிறுத்தாலும்: கித்தார்ப் பெடலும் சிறு மின்தேக்கியும்

கருவி சிறிதாயின் அதன் உறுப்புக்களும் சிறியனவாதல் வேண்டும். ஆயினும், உறுப்புச் சிறுத்தலாற் பயன் சிறுத்தல் ஆகாது. இவ்வுண்மையை யான் சென்ற விடுமுறையில் எம்மூராகிய எடப்பாடியிலே ஒரு கித்தார்ப் பெடலைச் செய்யப் புகுந்து கற்றேன். தமிழ் பயிலும் மாணவனுக்கு மின்சாரத்தில் என்ன வேலை என்று வினவுவார் உளராயின், அளவறிந்து அமைத்தல் இரண்டிற்கும் பொதுவென்பதே விடையாம்.

விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகன் என் நண்பன். பிறர் வாசித்துக் கழித்த மின்கித்தார் ஒன்று அவனிடம் உண்டு. ஒலியைக் கரகரப்பாக்கும் பெடலைக் கடையில் வாங்கப் பொருள் இல்லை. அவன் பயின்ற பள்ளியின் ஆண்டு விழாவில் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தான். 'நாமே செய்வோம்' என்று யான் துணிந்து கூறினேன். அத்துணிவிற்கு ஈடான அறிவு அப்பொழுது என்னிடம் இல்லை.

இனி, மின்தேக்கி என்பது யாதெனக் காண்போம். கடைக்காரர் இதனைக் கண்டென்சர் என்பர். எமக்கு அணித்தேயுள்ள மேட்டூர் அணை 1934-இல் நிறைவெய்தியது. காவிரி பெருகுங்கால் நீரைத் தேக்கிக் குறையுங்கால் விடுதல் அதன் தொழில். அதுபோல மின்னைத் தேக்கி விடுவது மின்தேக்கி. ஒரே திசையிற் செல்லும் மின்னோட்டத்தை இது தடுக்கும். மாறி மாறி அலையும் ஓட்டத்தைச் செல்லவிடும். அலைவு விரைவாயின் எளிதிற் செல்லவிடும். மெதுவாயின் அரிதிற் செல்லவிடும். ஆகவே, பெடலின் குரலில் எப்பகுதி தடித்து ஒலிக்கும், எப்பகுதி மெலியும் என்பதனைப் பெரும்பாலும் இச்சிற்றுறுப்பே வரையறுக்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். 1979-இல் யப்பானிய ஐபனேஸ் நிறுவனம் வெளியிட்ட டியூப் ஸ்க்ரீமர் என்னும் பெடலைப் பலரும் இன்றும் வீட்டிற் செய்கின்றனர். அதன் பெருக்கும் பகுதியில் 4,700 ஓம் தடையும் 0.047 மைக்ரோபாரட் மின்தேக்கியும் இணைந்துள்ளன. இவ்விரண்டனையும் பெருக்கி, அதனை 6.28 ஆற் பெருக்கி, வந்த தொகையால் ஒன்றை வகுப்பின், நொடிக்கு ஏறத்தாழ 720 அலைவு என்னும் எல்லை கிடைக்கும். (மைக்ரோபாரட் பாரட்டின் பத்திலக்கத்தில் ஒரு பங்கு என்பதனைக் கணக்கில் மறவற்க.) இவ்வெல்லைக்குக் கீழ்ப்பட்ட ஒலிகள் குறைவாகப் பெருக்கப்படும், அதனால் தடித்த தந்திகள் கலங்கி இரைவதில்லை.

மின்தேக்கியின் வகைகளுள் பெடலுக்கு வேண்டியன மூன்றே. முதலாவது, பாலியெஸ்டர் ஏட்டு வகை. ஒலி செல்லும் வழிக்கு இதுவே தக்கது. கால்களின் இடைவெளி 5 மில்லிமீட்டராகவுள்ள சிறு பெட்டி வடிவினவற்றைத் தேர்க. இரண்டாவது, பீங்கான் வகை. இது மிகச் சிறியது; ஆயினும் இதனுள் இருதிறம் உண்டு. ஸி0ஜி எனக் குறிக்கப்படுவது அளவு மாறாதது. பைக்கோபாரட் அளவினவற்றிற்கு இதனையே கொள்க. எக்ஸ்7ஆர், ஒய்5வி முதலியன சிற்றுடலிற் பேரளவு கொள்வன. எனினும் மின்னழுத்தத்திற்கேற்ப அளவு மாறுவன. அன்றியும், தட்டினால் தாமே சிறு மின்னைப் பிறப்பிக்கும் இயல்பின. காலால் மிதிக்கும் கருவியில் இவ்வியல்பு குற்றமாம். ஆதலின் அவற்றை ஒலிவழியில் வையாது மின்வழங்கும் பகுதியில் வைக்கலாம். மூன்றாவது, எலக்ட்ரோலிடிக் வகை. மின்வழங்கியின் இரைச்சலை அடக்க 100 மைக்ரோபாரட் அளவில் இஃது வேண்டப்படும். இதற்கு நேர்முனை எதிர்முனை உண்டு. மாற்றி இணைப்பின் சூடேறி வெடித்தலுங் கூடும்.

உருவத்தைப் பெருக்குவது அளவு மட்டுமன்று. தாங்கும் அழுத்தமும் ஆம். பெடல் 9 வோல்ட்டில் இயங்குவது. அதற்கு 63 வோல்ட்டுத் தாங்கும் ஏட்டு மின்தேக்கி மிகப் போதும். 400 வோல்ட்டினது இடத்தை அடைக்குமேயன்றி ஒலியை உயர்த்தாது. எலக்ட்ரோலிடிக்கில் 25 வோல்ட்டினதைக் கொள்ளுதல் நன்று. 9 வோல்ட்டு எனப் பொறித்த பழைய அடாப்டர்கள் சுமையின்றி நிற்கையில் அதனினும் மிகுதியாக வழங்கும்.

இவற்றை யான் அறியாது செய்த பிழை இரண்டு. 112 மில்லிமீட்டர் நீளமும் 60 மில்லிமீட்டர் அகலமும் உள்ள அலுமினியப் பெட்டிக்கு 400 வோல்ட்டு மின்தேக்கிகளை வாங்கிப் பற்றவைத்தேன், மூடி மூடவில்லை. அவற்றைக் களைந்து சிறியன வைத்தபோது மற்றொரு பிழை நேர்ந்தது. கரகரப்பு எழவேயில்லை. விழாவிற்கு இரண்டு நாளே இருந்தன. நண்பன் தன் விரல்களை நோக்கி, "குற்றம் என்மேல்தான் போலும், நான் வாசிக்க வரவில்லையென்று சொல்லிவிடு" என்றான். கருவியை ஐயுறாது தன்னையே ஐயுற்ற அச்சொல் என்னை வருத்திற்று.

அன்றிரவு ஒவ்வோர் உறுப்பாக அளந்தேன். மின்தேக்கியின்மேற் பொறித்த மூன்று இலக்கங்களுள் முதலிரண்டு எண், மூன்றாவது அதன்பின் வரும் சுழிகளின் தொகை, கிடைப்பது பைக்கோபாரட். 473 என்பது 47,000, அதாவது 0.047 மைக்ரோபாரட். யான் வைத்ததோ 472, அஃதாவது 4,700. பத்தில் ஒரு பங்காயிற்று. ஆகவே 720 என்னும் எல்லை 7,200 ஆயிற்று. கித்தாரின் மிக உயர்ந்த சுரமும் ஏறத்தாழ 1,300 அலைவே. பின் எதனைப் பெருக்குவது? 'கல்' என்னுஞ் சொல்லின் குறிலை நெடிலாக்கின் 'கால்' ஆகிப் பொருள் வேறுபடுதலை நாம் அறிவோம். ஈண்டும் ஓர் இலக்கத்தாற் குரலே மாறிற்று.

உரியதனை மாற்றியபின் பெடல் முழங்கிற்று. நண்பன் விழாவில் வாசித்தான். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது பழமொழி. ஆயினும், கடுகென்று எண்ணி வேறொன்றைத் தாளித்தல் கூடாது. ஆதலின், பெடல் செய்யப் புகும் மாணவ நண்பர்காள்! முதலிற் பெட்டியை அளமின். பின்னர் அழுத்தத்தை நோக்குமின். பொறித்த எண்ணை இருமுறை படித்து, பற்றவைக்குமுன் மீட்டரால் அளந்து தெளிமின். நம் கவனக்குறைவால் பிறன் ஒருவன் தன் திறமையை ஐயுறும்படி செய்யாதிருத்தலும் அளவறிதலின் பயனேயாம்.