சொல்லக் கூச்சமா? சீட்டு மட்டும் போடுங்கள்

பிறப்புறுப்பில் புண், சீழ், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்தால்:

1. மெடிக்கலில் பாதி விஷயத்தை மறைத்து மாத்திரை வாங்காதீர்கள். சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் புண் தானாகவே ஆறிவிடும்; கிருமி மட்டும் உள்ளேயே தங்கும். பஸ் ஸ்டாண்ட் சுவரில் லாட்ஜ் வைத்தியர் ஒட்டிய நோட்டீஸா? அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்.

2. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு, ‘சுகவாழ்வு மையம்’ எங்கே என்று கேளுங்கள். பால்வினை நோய்ப் பிரிவுக்கு அரசு வைத்த பெயர் அது. வரிசையில் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது.

3. அடுத்தவருக்குக் கொடுத்த மருந்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள். அந்த மையத்தில் தரும் இலவச மருந்துப் பொட்டலம் சாம்பல், பச்சை, சிவப்பு என்று அறிகுறிக்கு ஏற்ப நிறம் மாறும். உள்ளே இருக்கும் மருந்தும் வேறு.

4. கணவரையோ மனைவியையோ கூடவே அழைத்துப் போங்கள். ஒருவர் மட்டும் குணமானால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

5. ‘நம்பிக்கை மைய’த்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். இலவசம்தான், முடிவை ரகசியமாக வைக்க 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. முதலில் போனில் கேட்டுக்கொள்ள 1097.