விரோதி ஹிம்சையின் எல்லை

நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் மேல்வகுப்புக்குச் சென்றதும் பெற்றோரிடம் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு. "அஹிம்சையே உயர்ந்த அறம் என்கிறோம். பகைவன் கொல்ல வந்தால் கைகட்டி நிற்க வேண்டுமா? ஒரு நாட்டைப் பயங்கரவாதிகள் தாக்கினால் அந்நாடு என்ன செய்ய வேண்டும்?" என்பதே அவ்வினா. பெரியோர் பலர், "அது அரசாங்கத்தின் பாடு" என்று கூறி நகர்ந்து விடுகின்றனர். அவ்வாறு நகர்ந்தால், அஹிம்சை ஆலயத்திற்கும் அடுக்களைக்கும் மட்டுமே உரியது, உலகியலுக்கு உதவாது என்ற எண்ணம் பிள்ளையின் மனத்தில் வேரூன்றிவிடும். நம் ஆசாரியர்கள் இவ்வினாவிற்கு விடை வகுத்தே சென்றுள்ளனர். அவ்விடையை, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தவற்றோடு பொருத்திக் காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

நால்வகை ஹிம்சை

கொல்ல வேண்டும், வருத்த வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வது சங்கல்ப ஹிம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய இல்லறப் பணிகளில் தவிர்க்க இயலாமல் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு, வாணிகம் முதலிய தொழில்களில் நேர்வது உத்யோக ஹிம்சை. தன்னையும், தன்னைச் சார்ந்தோரையும், நாட்டையும் காக்கும் பொருட்டு எதிர்த்து நிற்கையில் நேர்வது விரோதி ஹிம்சை. முனிவர் இந்நான்கையும் முற்றத் துறந்தவர். இல்லறத்தார் சங்கல்ப ஹிம்சையை அறவே விலக்கி, ஏனைய மூன்றையும் இயன்ற அளவு குறைத்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்.

ஆகவே காத்துக்கொள்ளுதலை நம் அறம் தடுக்கவில்லை. சிரவணபெளகொளாவில் ஏறத்தாழ 981ஆம் ஆண்டில் கோமடேசுவரர் திருவுருவை எழுப்பிய சாவுண்டராயர், கங்க மன்னர்களின் அமைச்சரும் படைத்தலைவருமாக விளங்கியவர். போர்க்களம் கண்ட அச்சிராவகர் எழுப்பியது, போட்டியில் வென்ற பின்னும் நாட்டைத் துறந்த பாகுபலியின் வடிவம் என்பது சிந்திக்கத்தக்கது.

எனினும், காப்பதற்காகத் தொடங்கிய செயல் எவ்விடத்தில் சங்கல்ப ஹிம்சையாக மாறுகிறது? வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் என்னும் நான்கு கஷாயங்கள் அதனுள் புகும் இடத்திலேயே மாறுகிறது. வெளிச்செயல் ஒன்றுபோலத் தோன்றலாம்; உள்ளிருக்கும் பாவம் வேறாகிவிடும். இதுவே நாம் கையில் ஏந்த வேண்டிய அளவுகோல்.

2001 செப்டம்பர் 11

அன்று காலை 19 பேர் நான்கு பயணிகள் விமானங்களைக் கைப்பற்றினர். இரண்டு விமானங்கள் நியூயார்க் நகரின் 110 மாடி இரட்டைக் கோபுரங்கள்மீது மோதின. மூன்றாவது, வாஷிங்டனுக்கு அருகிலுள்ள பென்டகன் என்னும் பாதுகாப்புத் துறைத் தலைமையகத்தைத் தாக்கியது. நான்காவது பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு வயல்வெளியில் விழுந்தது. தாக்கியவர்களைத் தவிர்த்து மாண்டோர் 2,977 பேர். அல்காய்தா இயக்கத்தினர் திட்டமிட்டுச் செய்த இச்செயல் சங்கல்ப ஹிம்சையின் கொடிய வடிவம் என்பதில் ஐயமில்லை. எக்காரணமும் இதற்கு நியாயம் ஆகாது.

அன்றே விரோதி ஹிம்சையின் தூய வடிவமும் வெளிப்பட்டது. நான்காவது விமானத்திலிருந்த பயணிகள், ஏனைய விமானங்களுக்கு நேர்ந்ததைத் தொலைபேசி வழியாக அறிந்தனர். தங்களுக்குள் கலந்து முடிவு செய்து, கைப்பற்றியோரை எதிர்த்து விமானி அறையை நோக்கிப் பாய்ந்தனர். பயணிகளும் பணியாளர்களுமாக 40 பேரும் உயிரிழந்தனர். ஆனால் அவ்விமானம் குறிவைத்த தலைநகரை அடையவில்லை. தங்களையும், தாங்கள் முகம் அறியாத மக்களையும் காப்பதே அவர்கள் கருத்து. நியூயார்க்கில் எரியும் கோபுரங்களில் மக்கள் கீழே இறங்கி வருகையில், அவர்களைக் காக்கத் தீயணைப்பு வீரர்கள் மேலே ஏறிச் சென்றனர். மாண்ட தீயணைப்பு வீரர் 343 பேர். நால்வகைத் தானங்களுள் அபயதானத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது இவர்களைத் தயங்காமல் எடுத்துக் காட்டலாம்.

எல்லைக்குள் நின்றவை

அநேகாந்த நோக்குடையோர் ஒருபக்கத்தை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறலாகாது. அமெரிக்க அரசு செய்தவற்றுள் அறத்தின் எல்லைக்குள் நின்றவை பல. விமான நிலையச் சோதனைகள் செம்மை செய்யப்பட்டன. விமானி அறைக் கதவுகள் எளிதில் தகர்க்க இயலாதவாறு வலுப்படுத்தப்பட்டன. இரு கட்சியினரும் அடங்கிய விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டு, 2004 ஜூலையில் அறிக்கை தந்தது. உளவு அமைப்புகள் தாம் அறிந்ததை ஒன்றோடொன்று பகிர்ந்து கொள்ளாத குறையை அது மறைக்காமல் எடுத்துரைத்தது. வினை வரும் வழியை ஊற்று என்றும், அவ்வழியை அடைப்பதைச் செறிப்பு என்றும் நாம் கூறுவோம். கதவை வலுப்படுத்துவதும் கவனக்குறைவை நீக்குவதும் உலகியலில் ஒருவகைச் செறிப்பே. அதில் எவ்வுயிருக்கும் துன்பம் இல்லை.

குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ், தாக்குதல் நடந்த ஆறாம் நாளில் வாஷிங்டனிலுள்ள இஸ்லாமிய மையத்திற்கு நேரில் சென்று, முஸ்லிம் மக்கள்மீது சினம் கொள்ளலாகாது என்று உரைத்தார். இதுவும் போற்றத்தக்கதே. அதற்கு இரு நாள் முன்னர் அரிசோனா மாநிலத்தில், தலைப்பாகை அணிந்த சீக்கியர் ஒருவரை முஸ்லிம் என்று கருதிச் சுட்டுக் கொன்றான் ஒருவன். வெகுளிக்குக் கண் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

எல்லை கடந்த இடங்கள்

முதலாவது, முடிவு குறிக்காமை. 2001 செப்டம்பர் 14 அன்று, தாக்குதலுக்குப் பொறுப்பானோர்மீதும் அவர்களுக்கு இடமளித்தோர்மீதும் படைவலிமையைப் பயன்படுத்தக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் அளிக்கும் தீர்மானம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதில் போர் நிகழும் இடமும் குறிக்கப்படவில்லை. முடியும் நாளும் குறிக்கப்படவில்லை. மேலவையில் 98 பேர் ஆதரிக்க எதிர்ப்பே இல்லை. கீழவையில் ஆதரவு 420, எதிர்ப்பு 1. அந்த ஒரு வாக்கு கலிபோர்னியாவைச் சேர்ந்த பார்பரா லீ என்னும் பெண்மணியுடையது. தண்டனையே வேண்டாம் என்று அவர் கூறவில்லை. சற்றே நிதானித்துச் சிந்திப்போம், நாம் வெறுக்கும் தீமையாக நாமே மாறிவிடலாகாது என்பதே அவர் உரையின் சாரம். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. காவலர் துணையோடு நடமாட நேர்ந்தது.

அவ்வாண்டு அக்டோபர் 7 அன்று ஆப்கானிஸ்தானத்தில் தொடங்கிய போர் 2021 ஆகஸ்ட் 30 வரை நீடித்தது. அல்காய்தா தலைவர் ஒசாமா பின் லேடன் 2011 மே மாதத்திலேயே கொல்லப்பட்டார். போர் அதன் பின்னும் பத்தாண்டு தொடர்ந்தது. இறுதி நாள்களில், 2021 ஆகஸ்ட் 29 அன்று, காபூலில் ஆளில்லா விமானம் ஒன்று தாக்கியதில் 10 பேர் மாண்டனர். அவர்களுள் எழுவர் குழந்தைகள். மாண்டோர் அனைவரும் குற்றமற்ற பொதுமக்கள் என்பதைச் சில வாரங்களில் அமெரிக்கப் படைத்துறையே ஒப்புக்கொண்டது. எந்தத் தாலிபான் ஆட்சியை அகற்றப் போர் தொடங்கியதோ, அதே தாலிபான் அம்மாதம் 15ஆம் நாளே காபூலைக் கைப்பற்றிவிட்டது.

இரண்டாவது, வாய்மை தவறியமை. 2003 மார்ச்சில் ஈராக் மீது படையெடுப்பு நிகழ்ந்தது. அந்நாட்டிடம் பேரழிவு ஆயுதங்கள் குவிந்துள்ளன என்பதே கூறப்பட்ட முதன்மைக் காரணம். தேடிப் பார்த்தபோது அத்தகைய குவியல் எதுவும் இல்லை. 2001 தாக்குதலில் அல்காய்தாவுடன் ஈராக் அரசு ஒத்துழைத்ததற்கும் விசாரணை ஆணையம் சான்று காணவில்லை. அப்போரிலும் அதன் பின்விளைவுகளிலும் மாண்ட ஈராக்கியப் பொதுமக்கள் லட்சத்திற்கும் மேற்பட்டோர். கொல்லாமையும் வாய்மையும் நம் விரதங்களுள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதன் காரணம் இங்கே விளங்கும். ஒன்று தளர்ந்தால் மற்றொன்று நில்லாது.

மூன்றாவது, சிறைப்பட்டோரை நடத்திய முறை. கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை நம் நூல்கள் கூறுகின்றன: துன்புறக் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், தாங்கவொண்ணாப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். நம் முன்னோர் இவற்றை வண்டிமாட்டிற்கும் வேலையாளுக்கும் பொருத்திக் கற்பித்தனர். அமெரிக்க மேலவைக் குழு 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைச் சுருக்கத்தைக் காண்போர், இப்பட்டியலின் நினைவு வராமல் படிக்க இயலாது. உளவுத்துறையின் மறைவிடங்களில் 119 பேர் அடைக்கப்பட்டனர். சங்கிலியால் பிணைத்தல், அறைதல், நாள்கணக்கில் உறங்கவிடாமை, மூச்சுத் திணற நீர் ஊற்றுதல் ஆகியன அவர்களுள் பலர்மீது கையாளப்பட்டன. அடைக்கப்படவே கூடாதவர்கள் குறைந்தது 26 பேர். கையில் அகப்பட்டவன் எதிர்த்து நிற்பவன் அல்லன். ஆகவே அவனை வதைப்பது விரோதி ஹிம்சை என்னும் பெயரைப் பெறாது. இதனைக் குறை கூறும்போது, இவ்வறிக்கையைத் தயாரித்து உலகறிய வெளியிட்டதும் அந்நாட்டு மேலவையே என்பதை மறத்தலாகாது. தன் குற்றத்தைத் தானே எடுத்துரைக்கும் ஆலோசனைக்கு நம் அறத்தில் உயர்ந்த இடம் உண்டு.

பரதன் சக்கரம் எறிந்த கதை

இவை மூன்றையும் பிள்ளைகளுக்குச் சுருக்கமாக உணர்த்தப் பரத பாகுபலி வரலாறே போதும். இரு படைகளும் மோதினால் எண்ணற்ற உயிர் மடியும் என்று கண்ட அமைச்சர்கள், உடன்பிறந்தோர் இருவர் மட்டும் நோக்குப் போர், நீர்ப் போர், மற்போர் ஆகியவற்றால் முடிவு காணுமாறு எல்லை வகுத்தனர். மூன்றிலும் தோற்ற பரதன், சினத்தால் அவ்வெல்லையை மறந்து சக்கரத்தை ஏவினான். சக்கரம் பாகுபலியைத் தீண்டவில்லை. பழி மட்டும் பரதனைச் சேர்ந்தது. எல்லையை அமைதியான வேளையில் வகுத்துக்கொள்ள வேண்டும், சினம் எழுந்த வேளையில் அதனைக் காக்க வேண்டும் என்பதே இவ்வரலாற்றின் பாடம்.

ஒரு தனிமனிதரின் மறுமொழி

2001 செப்டம்பர் 21 அன்று டல்லாஸ் நகரில், கடைப்பணியிலிருந்த வங்கதேச இளைஞர் ஒருவர் முகத்தில் சுடப்பட்டார். சுட்டவன், பழிதீர்ப்பதாகக் கூறிப் பாகிஸ்தானியர் ஒருவரையும் இந்தியர் ஒருவரையும் கொன்றவன். உயிர் பிழைத்த இளைஞருக்கு ஒரு கண்ணின் பார்வை போயிற்று. கொலையாளிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பல்லாண்டு கழித்து அவ்விளைஞரே முன்வந்து, அவனை மரண தண்டனையிலிருந்து எவ்வகையிலேனும் காக்க வேண்டும் என்று நீதிமன்றம் வரை சென்று போராடினார். 2011 ஜூலை 20 அன்று தண்டனை நிறைவேறியது. ஆயினும் அதற்கு முன்பே அம்மனிதன் தன் வெறுப்பை எண்ணி வருந்தி, தான் சுட்டவருக்கே நன்றி கூறும் நிலையை அடைந்திருந்தான். இளைஞர் சமணர் அல்லர், இஸ்லாமியர். உத்தம க்ஷமை எச்சமயத்தாரிடம் காணப்பட்டாலும் வணங்கத்தக்கதே.

நமக்குரிய கடமை

நாம் படை நடத்துவோர் அல்லேம். எனினும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றினாலும் வினை கட்டும் என்பது நம் கொள்கை. எங்கோ குண்டு விழுவதைத் தொலைக்காட்சியில் கண்டு, "நன்றாக வேண்டும்" என்று மகிழும் கணத்தில், அமர்ந்த இடத்திலேயே நாம் உடன்பட்டவராகிறோம். ஒருவன் செய்த தீமைக்கு அவன் இனத்தார் அனைவரையும் பழித்துப் பேசுவதும் அவ்வாறே. பிள்ளைகள் நம் விரதங்களைக் காட்டிலும் இத்தகைய சொற்களையே கூர்ந்து கேட்கின்றனர். ஆகவே அவர்கள் வினவும்போது இவ்வாறு விடை கூறுவோம்: "காத்துக்கொள், காக்கும் அளவோடு நில். சினம் தணிந்த பின்னும் சரியென்று தோன்றுவதை மட்டுமே செய்."

இல்லத்தில் கலந்துரையாட வினாக்கள்

1. விமானி அறைக் கதவை வலுப்படுத்தியதற்கும், சிறைப்பட்டவரை வதைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை நால்வகை ஹிம்சையைக் கொண்டு விளக்குக.

2. 420 பேர் ஒருபுறம் நிற்க, ஒருவர் மட்டும் மறுபுறம் நின்றார். அந்நிலையில் நாம் இருந்திருந்தால் எப்பக்கம் நின்றிருப்போம்? காரணம் கூறுக.

3. சென்ற வாரம் நம் இல்லத்தில் பேசப்பட்ட செய்திகளுள், நாம் அறியாமலே ஹிம்சைக்கு உடன்பட்டது ஏதேனும் உண்டா?

மூன்றாம் வினாவிற்குப் பெரியோர் முதலில் விடை கூறுதல் நலம்.