ஊக்கும் ஐந்து ரூபாய் நாணயமும்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. முன்பக்கம் கதவு உள்ள வகை, ஏழு கிலோ. உள்ளே பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, இரண்டு வேட்டி, அத்தையின் நூல் புடவை. கண்ணாடி வழியே பார்த்தால் பாதி டிரம்முக்குச் சோப்புத் தண்ணீர். கதவு திறக்கவில்லை. தண்ணீர் உள்ளே இருக்கும்வரை பூட்டு விடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. இழுத்து இழுத்துப் பார்த்தேன். கைப்பிடி கையோடு வராமல் போனது என் நல்ல நேரம்.

மறுநாள் சர்வீஸ் தம்பி வந்தார். திரையில் மின்னிய இரண்டு எழுத்தைப் பார்த்தார், ஒருமுறை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். "போர்டு போயிடுச்சு மேடம். பம்ப்பும் வீக்" என்றார். இரண்டுக்கும் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம். யோசித்துச் சொல்கிறேன் என்று விசிட் சார்ஜ் மட்டும் கொடுத்து அனுப்பினேன். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு அத்தனை வீடு ஏறி இறங்குகிறவருக்குக் குனிந்து பார்க்க நேரம் இல்லை, அவ்வளவுதான்.

"போர்டாவது கீர்டாவது, துணி நாறப்போகுது. முதல்ல அதை வெளியில எடும்மா" என்றார் அத்தை.

பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்த கையேட்டை எடுத்தேன். அந்த இரண்டு எழுத்துக்கு அதில் போட்டிருந்த பொருள்: தண்ணீர் வெளியேறவில்லை. போர்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. (இந்த எழுத்துகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் கையேட்டைத் தொலைக்காதீர்கள்.) வெளியேறும் வழியில் முதல் நிறுத்தம் பம்ப்புக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர். மெஷினின் கீழ் மூலையில் ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கிறது. ஆறு வருஷமாக அந்த மூடியைத் துடைத்திருக்கிறேன், ஒரு நாளும் திறந்ததில்லை.

இங்கேதான் நான் செய்த தப்பு. பிளக்கைப் பிடுங்கியது சரி. ஆனால் உள்ளே பத்து லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கிறது என்பதை மறந்து ஃபில்டரை ஒரே திருகாகத் திருகிக் கையில் எடுத்துவிட்டேன். பால்கனி நிறைந்து, வாசற்படி தாண்டி, ஹாலில் பாய் வரை போனது. அத்தை காலைத் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார்.

சரியான முறை இது. ஃபில்டருக்குப் பக்கத்தில் பல மெஷின்களில் விரல் மொத்தத்தில் ஒரு ரப்பர் குழாய் செருகியிருக்கும். அதன் அடைப்பானை எடுத்துத் தண்ணீரை முதலில் வடித்துவிட வேண்டும். குழாய் இல்லாவிட்டால் ஃபில்டரைக் கால் திருகு மட்டும் தளர்த்தி, கொஞ்சம் வடியவிட்டு, மூடி, கொட்டி, மறுபடி தளர்த்த வேண்டும். வாளி அந்த இடுக்கில் நுழையாது. குப்பை அள்ளும் பிளாஸ்டிக் முறம் கச்சிதமாக நுழையும். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை பொறுங்கள்.

ஃபில்டரில் என்ன இருந்தது? சாம்பல் நிறத்தில் கூழாகிப் போன பஞ்சு, ஒரு சட்டைப் பொத்தான், ரப்பர் பேண்ட், எழுத்து அழிந்த பஸ் டிக்கெட் உருண்டை, ஒரு ஐந்து ரூபாய் நாணயம். அதோடு முடிந்தது என்று மூடப் போனேன். ஏதோ தோன்றி டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே பம்ப்பின் சின்ன இறக்கைக்கும் சுவருக்கும் நடுவே புடவை ஊக்கு ஒன்று வாயைப் பிளந்தபடி சிக்கியிருந்தது. அதனால்தான் பம்ப் 'ம்ம்ம்' என்று உறுமியதே தவிரச் சுற்றவில்லை. பிளேயரால் எடுத்தேன். இறக்கையைப் பென்சிலால் தள்ளிப் பார்த்தேன். விட்டு விட்டுத்தான் நகர்ந்தது, பயந்துவிட்டேன். அந்தப் பம்ப்பில் காந்தம் இருப்பதால் அது அப்படித்தான் நகருமாம், கோளாறு இல்லை.

ஃபில்டரை மூடி, பிளக்கை மாட்டி, தண்ணீரை வெளியேற்றும் பட்டனை அழுத்தினேன். நாற்பது நொடியில் டிரம்மில் மிச்சம் இருந்ததும் காலி. கதவு 'டக்' என்று தானே விட்டுக்கொடுத்தது.

அன்று முதல் எனக்கு ஒரு பழக்கம். மெஷின் முரண்டு பிடித்தால் கரண்ட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் தண்ணீரைப் பற்றி யோசிப்பேன். எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது? எனக்கு நேர்ந்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வழிகளில்தான் இருந்தன.

அதற்காக மெஷின் சொல்வதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பள்ளிக்கரணையிலிருந்து தாம்பரம் பக்கம் வீடு மாறியபோது, தண்ணீர் வரவில்லை என்று திரை காட்டிக்கொண்டே இருந்தது. குழாயைத் திறந்தால் நன்றாக வருகிறது. உள்ளே தண்ணீர் இறங்கும் சத்தமும் கேட்கிறது. அரை மணி நேரம் போயும் துணி நனைந்த மட்டில்தான். பிறகு பின்னால் எட்டிப் பார்த்தேன். சாமான் ஏற்றி இறக்கியவர்கள் கழிவுநீர்க் குழாயின் நுனியைத் தரையில் ஜல்லடை மேல் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வந்த தண்ணீர் வந்த வேகத்தில் அப்படியே வெளியே போய்க்கொண்டிருந்தது. நுனியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டினேன், சரியாகிவிட்டது. வருவதில் குறை என்றது மெஷின், குறை போவதில் இருந்தது. ஒரு எச்சரிக்கை: பம்ப் இல்லாமல் தானே வடியும் டாப் லோடு, செமி ஆட்டோமேட்டிக் மெஷின்களுக்கு இது நேர் எதிர். அங்கே குழாய் தாழ்ந்துதான் கிடக்க வேண்டும், தூக்கினால் வடியாது.

அதே வீட்டில் நிஜமாகவே தண்ணீர் வராத கதையும் நடந்தது. நாங்கள் மேல்மாடி. தலைக்கு மேலே மொட்டைமாடி, அங்கே டேங்க். பக்கத்தில்தானே இருக்கிறது, வேகமாக வரும் என்று நினைத்தேன். அது தப்புக் கணக்கு. பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் 1 பார் அழுத்தம். எங்களுக்கும் டேங்க்குக்கும் இரண்டு மீட்டர், ஆக 0.2 பார். கையேடு கேட்பதோ குறைந்தது 0.3. மோட்டார் போட்டு டேங்க் நிரம்பிய கையோடு துவைக்கப் போடுவது என்று ஒரு மாதிரி சமாளித்தோம். சின்னதாக ஒரு பிரஷர் பம்ப் வைத்தவர்களும் உண்டு.

அழுத்தம் சரியாக இருந்தும் நூலாக வந்தால், தண்ணீர்க் குழாய் மெஷினில் சேரும் இடத்தைக் கழற்றிப் பாருங்கள். விரல் நுனி அளவில் ஒரு வலை இருக்கும். போர்வெல் தண்ணீரின் மணல், உப்பு, துரு எல்லாம் அதில்தான் அப்பியிருக்கும். எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். தொல்லை விட்டது என்று வலையைத் தூக்கி எறிபவர்கள் இருக்கிறார்கள். மணல் வால்வுக்குள் போய் உட்கார்ந்தால் மெஷின் அணைந்திருக்கும்போதும் உள்ளே தண்ணீர் சொட்டும்.

ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எனக்குக் காசு போனது. புது மெஷின் வரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பின்னால் நீளமான போல்ட்டுகள் இருக்கும். ஓட்டுவதற்கு முன் கழற்ற வேண்டும், வீடு மாறும்போது மறுபடி மாட்ட வேண்டும். நான் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டேன். போல்ட் இல்லாமல் டெம்போவில் வந்ததில் டிரம்மைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் இரண்டும் போயின. அதை மெக்கானிக்தான் மாற்றினார்.

நான் கை வைக்காத இடங்களும் உண்டு. மேல் மூடியைத் திருகாணி கழற்றித் திறப்பதே இல்லை. திருமங்கலத்தில் அம்மாவின் செமி ஆட்டோமேட்டிக்கில் பிழியும் பக்கம் உறுமியது, சுற்றவில்லை. மெக்கானிக் கெப்பாசிட்டர் மாற்றிச் சரிசெய்தார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்று அவர் சொன்னதைக் கேட்டு அம்மா நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். மெஷின் உடம்பைத் தொட்டால் சுர்ரென்று இருந்தாலும் எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும், அது எர்த் விவகாரம். வெந்நீர் ஹீட்டர் உள்ள மெஷின் 2,000 வாட் வரை இழுக்கும். 6 ஆம்பியர் பாயின்ட்டில் மாட்டாதீர்கள்.

உங்கள் வீட்டுக்கு வருபவரும் வந்ததும் "போர்டு போயிடுச்சு" என்றால், ஒன்றே ஒன்று கேளுங்கள்: "தம்பி, ஃபில்டரைத் திறந்து பார்த்தீங்களா?" திறப்பதற்கு முன் பாயைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.