லாபான் மறைத்ததை நாம் மறைக்கலாமா?



இந்த மாத வேதபாடத்துக்கு ஆதியாகமம் 29-ம் அதிகாரத்தைத் திறந்து வையுங்கள். லாபான் இருட்டிலே ஒரு காரியத்தை மறைத்தான். விடிந்தபோது யாக்கோபு ஏமாந்துபோனான். லேயாளோ புருஷன் நேசம் கிடைக்காமல் அழுதாள். மறைத்தவன் ஒருவன், கண்ணீர் விட்டவர்கள் வேறே.

ஒரு லாபானை எனக்கு நன்றாய்த் தெரியும். அது நான்தான்.

சில வருஷங்களுக்கு முன் நம் திருத்தணியிலே ஒரு கல்யாணத்துக்கு முன்நின்றேன். பையன் தமிழ், பெண் நகரி பக்கம், தெலுங்குக் குடும்பம். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் திருத்தணியும் ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவிலே இருந்ததுதானே! எல்லை மாறினாலும் சம்பந்தம் விட்டுப்போகவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு பையனின் தாயார் வந்தார்கள். "பாஸ்டர், அவனுக்குக் காதுல குரல் கேக்குதாம். மாத்திரை சாப்பிடறான். கல்யாணம் ஆனா சரியாயிடும், வெளியே சொல்லிடாதீங்க" என்றார்கள். நான் ஜெபித்து அனுப்பினேன். பெண் வீட்டாருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏழாம் மாதம் அந்தப் பெண் வந்து நின்றாள். "ஐயா, அவர் என்னை அடிக்கல. கல்யாணம் ஆச்சுங்கறதே அன்னைக்கு அவருக்குப் புரியல. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள். நான் தலை குனிந்தேன்.

மூப்பரில் ஒருவர், "பிசாசின் கிரியை, உபவாசம் போடுவோம்" என்றார். இன்னொருவர், "சபை லெட்டர்பேடிலே எழுதிப் பிரித்துவிடலாம்" என்றார். இரண்டுக்கும் சம்மதிக்காமல், இரு வீட்டாரையும் திருவள்ளூரில் ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனேன். அங்கே கற்றதைச் சொல்லுகிறேன்.

1. கல்யாணத்தை ரத்து செய்வது வேறு, விவாகரத்து வேறு. நம்முடைய சட்டம் 1869-ம் வருஷத்து விவாகரத்துச் சட்டம், 2001-ல் திருத்தப்பட்டது. கல்யாண நேரத்திலேயே ஒருவர் புத்தி சுவாதீனம் இல்லாமல் இருந்தால், அந்தக் கல்யாணம் செல்லாது என்று அறிவிக்கும்படி 18, 19-ம் பிரிவுகளின்கீழ் ஜில்லா நீதிமன்றத்தில் கேட்கலாம். மோசடியாலோ பலவந்தத்தாலோ சம்மதம் வாங்கியிருந்தாலும் கேட்கலாம். மறைத்தது மோசடியாகுமா என்பதை நீதிமன்றமே தீர்மானிக்கும். கல்யாணத்துக்குப் பிறகு வந்த வியாதியானால் அது விவாகரத்து வழக்கு. அதற்கு, குணமாகாத சித்தசுவாதீனமின்மை மனுவுக்கு முந்தின இரண்டு வருஷமாவது தொடர்ந்து இருந்திருக்கவேண்டும். பிலிப்பைன்ஸ் தேசத்தில் 1988-ல் அமலுக்கு வந்த குடும்பச் சட்டத்தின் 36-ம் பிரிவு, மணக்கடமைகளை ஏற்க மனத்தகுதி இல்லாமையையே தனிக் காரணமாக வைத்திருக்கிறது. நம் சட்டத்தில் அந்த வார்த்தை இல்லை.

2. வியாதியின் பெயர் மட்டும் போதாது. 1988-ல் ஒரு இந்து தம்பதியர் வழக்கில், வியாதிக்கு என்ன பெயர் என்பதல்ல, அது எவ்வளவு கடுமையானது என்பதே முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் காட்டியது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டமும், மனநோய் இருப்பதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று எண்ணக்கூடாது என்கிறது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே நல்ல குடும்பம் நடத்துகிறவர்கள் அநேகர் உண்டு.

3. சபையின் கடிதத்தால் கல்யாணம் ரத்தாகாது. சபை நீதிமன்றம் கொடுத்த ரத்துக்குச் சட்டத்தில் பலன் இல்லை என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை நம்பி மறுமணம் செய்தால் அது குற்றமாய் முடியும்.

4. பிள்ளைகளைச் சட்டம் தள்ளிவிடவில்லை. புத்தி சுவாதீனமின்மையால் கல்யாணம் ரத்தானாலும், அதில் பிறந்த பிள்ளைகளுக்கு, கல்யாண நேரத்தில் தகுதியாயிருந்த பெற்றோரின் சொத்தில் உரிமை உண்டு என்று 21-ம் பிரிவு சொல்லுகிறது.

"தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்கலாமா, மத்தேயு 19 என்ன சொல்லுகிறது?" என்று சிலர் கேட்பீர்கள். நானும் அப்படியே கேட்டவன். ஆனால் ஆதியாகமம் 24-ஐயும் வாசியுங்கள். ரெபெக்காளை அனுப்புமுன் அவளைக் கூப்பிட்டு, போகச் சம்மதமா என்று கேட்டார்கள். உண்மை தெரியாமல் சொன்ன சம்மதமும், புரியாமல் சொன்ன சம்மதமும் சம்மதமாகுமா? நாம் பொய்யால் கட்டினதை தேவன் இணைத்ததாய்ச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

வழக்கு முடிந்து அந்தக் கல்யாணம் ரத்தானது. பெண் தாய்வீட்டில் இருந்து மேலே படிக்கிறாள். பையன் டாக்டரைத் தவறாமல் பார்த்து, தறி வேலைக்குப் போகிறான். அவனும் லேயாளைப்போல மறைக்கப்பட்டவன்தான், அவன்மேல் குற்றமில்லை. இரண்டு பேரிடமும் நான் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஐயா" என்றாள் அவள். இன்றைக்கும் அது என் காதில் இருக்கிறது.

ஆகையால் பெற்றோரே, நிச்சயத்துக்கு முன்பே வியாதியைச் சொல்லுங்கள். கல்யாணம் மருந்தல்ல. ஊழியக்காரரே, மாப்பிள்ளையையும் பெண்ணையும் தனித்தனியே கூப்பிட்டு, கல்யாணம் என்றால் என்ன என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தேதி குறிக்காதீர்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் போனால் போகட்டும்.

மறைத்ததை வெளியே சொல்லும் தைரியத்தைக் கர்த்தர் நமக்குத் தருவாராக. ஆமென்.